கொஞ்சாமல் வளர்த்த பிள்ளை

அன்றைக்குப் பால்வாடியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: டீச்சர், சமையல் செய்கிற அம்மா, சுவரோரம் தட்டோடு உட்கார்ந்திருந்த ஒன்பது பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, அவளுடைய கைக்குழந்தை, என் மகள், நான். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் தெருவில் பாதிப் பேர் தங்கள் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார்கள். அதனால்தான் முதலில் இதை எழுதி வைக்கிறேன்.

உப்பளத்தில் காலை வேலை முடிந்து, மகளைக் கூப்பிட்டுப் போக வந்திருந்தேன். காலில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. பக்கத்துத் தெருப் பெண் தன் பெரிய பையனைத் தேடி வந்தவள், இடுப்பிலிருந்த குழந்தையைப் பாயில் உட்கார வைத்துவிட்டு அவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். என் மகள் எழுந்து அந்தக் குழந்தையிடம் போனாள். எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் கன்னத்தை விரலால் தடவி, மோவாயைத் தூக்கிப் பிடித்தாள். அவ்வளவு ஆசையாகப் பிடித்தாள்.

"ஏ சனியனே, செத்துப் போ. உன்ன எவ தூக்குவா? குப்பையில போடு."

குழந்தை சிரித்தது. என் மகளும் சிரித்தாள். தாய்க்காரி பாய்ந்து வந்து குழந்தையை அள்ளினாள்.

"இன்னாடி சொன்ன? ஏய், இன்னா சொன்ன நீ?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஜுரம் விட்டு நேத்துதான் எழுந்து உக்காந்துச்சு. நீ சொல்லிக் குடுத்து அனுப்புனியா? உன் புள்ள போச்சுன்னா ஊருப் புள்ளயெல்லாம் போவணுமா?"

சமையல் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அப்பிடியே அம்மா வாய் டீச்சர். கேசட்டு போட்ட மாதிரி இல்ல?" என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது நிஜம். குரல் என்னுடையது. 'குப்பையில' என்று இழுக்கிற இழுப்புகூட என்னுடையது.

பக்கத்துத் தெருப் பெண் போனபிறகு டீச்சர் என்னை உட்காரச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசிவிட்டுப் போயிருப்பேன்.

"நாலு வயசு ஆவப்போவுதும்மா. ஒரு கேள்வி கேட்டா பதில் வரல. வர்ற பத்துப் பதினஞ்சு வார்த்தையும் திட்டாவே இருக்குது. மத்த அம்மாங்க ஏற்கெனவே என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க. பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அனுப்பாதீங்க, கோச்சிக்காதீங்க."

கோபம் எங்கே வரும்? பயம்தான் வந்தது. பால்வாடியே வேண்டாம் என்றால் நாளைக்குப் பள்ளிக்கூடம் சேர்ப்பார்களா? நான் ஏழாவதோடு நின்றவள். இவள் ஒன்றாவதுக்குக்கூடப் போகாமல் போய்விடுவாளோ? வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் இதே நினைப்பு. அந்தக் கைக்குழந்தைக்கு மறுபடி ஜுரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு நினைப்பு. அந்த வாரம் முழுக்க அந்தத் தெருப் பக்கம் போகாமல், பால் ஊற்றுகிறவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். குழந்தை நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஏன் அப்படிப் பேசினோம் என்று சொல்ல வேண்டும். பேசத் தெரியாமல் பேசவில்லை. எல்லாரும் கூடி முடிவு செய்துதான் பேசினோம்.

மூத்தது பையன். அவனை எல்லாரும் கொஞ்சினோம். உப்பு சுமக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து ராஜா, தங்கம், முத்து என்று கன்னத்தை வழித்துவிட்டுப் போவார்கள். நடக்கப் பழகுவதற்குள் போய்விட்டான். ஜுரம் வந்தது, வலிப்பு வந்தது, ஆம்புலன்ஸில் ஏற்றினோம், ஆஸ்பத்திரி போகிற வழியில் கிளியனூர்கூடத் தாண்டவில்லை. இதற்கு மேல் அவனைப் பற்றி எழுத எனக்கு ஆகவில்லை.

அடுத்து இவள் பிறந்தபோது என் வீட்டுக்காரரின் அக்கா, அண்ணி என்று கூப்பிடுவேன், எதிர்வீட்டிலேயே இருக்கிறார், ஒரு முறத்தில் தவிடு கொண்டுவந்தார். பிள்ளையைத் தெருமுனைக் குப்பைமேட்டில் ஒரு கந்தலை விரித்துப் போட்டோம். அண்ணி தவிட்டைக் கொடுத்து அவளை எங்களிடமிருந்து வாங்கினார். அப்புறம் 'யாருக்கும் வேணாத புள்ள, நீயே வெச்சிக்கோ' என்று என் மடியில் போட்டார். பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வது உண்டு. வேண்டாத பிள்ளை என்று தெரிந்தால் எமன் திரும்பிப் பார்க்க மாட்டான், கண்ணும் படாது. பலர் அன்றோடு விட்டுவிடுவார்கள். எனக்கு விடத் தைரியம் இல்லை. ஒருநாள் சடங்கை மூன்றரை வருஷமாகச் செய்தோம்.

அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குப்பை, சனியன், தரித்திரம். பால் கொடுக்கும்போது, "குடிச்சித் தொலை." குளிப்பாட்டும்போது, "இந்த மூஞ்சிக்குச் சோப்பு வேற." அவள் அப்பா மீன் வாங்கி வந்தால் முள் எடுத்து ஊட்டிக்கொண்டே, "துன்னுட்டு எங்கனா ஓடிப்போ" என்பார். அண்ணி வாசலில் நின்று, "இன்னும் சாவலியா நீ?" என்று கேட்டு முறுக்கு கொடுப்பார். உப்பளத்துப் பெண்களுக்கும் விஷயம் தெரியும். அவர்களும் வரப்பில் போகும்போது அவளைப் பார்த்துத் திட்டிவிட்டுச் சிரிப்பார்கள். திட்டும்போது கை தலையைத் தடவும். மடி வரும். தின்பண்டம் வரும். அவள் அதைத்தான் கற்றுக்கொண்டாள். ஒரு குழந்தையை ஆசையாகத் தடவினால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பால்வாடியில் அதைத்தான் சொன்னாள்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் சொல்வோம், போவோம். அவள் பதில் சொல்ல எதுவும் இல்லை. 'குடிச்சித் தொலை' என்றால் குடிப்பாள். அதற்கு ஒரு பிள்ளை என்ன பதில் சொல்லும்?

வீட்டுக்காரரும் நானும் அவளைப் பாண்டிக்குக் கூட்டிப் போனோம். காதில் ஏதோ மெஷின் வைத்துப் பார்த்தார்கள். காது சரியாக இருக்கிறது என்றார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? காது கேட்காமல் இருந்திருந்தால் தப்பு காதோடு போயிருக்கும்.

அப்புறம் பேச்சு சொல்லித்தருகிற மேடத்திடம் அனுப்பினார்கள். சின்ன அறை, தரையில் பாய். பிளாஸ்டிக் மாடு, பந்து, கரண்டி எல்லாம் எடுத்து வைத்தார். மாட்டைக் காட்டி, "இது என்ன பாப்பா?" என்றார்.

"தொடாத," என்றாள் என் மகள்.

"இது?" பந்தைக் காட்டினார்.

"எட்டப் போ."

"உன் பேரு என்ன?"

"சனியன்."

மேடம் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை. என்னைப் பார்த்து, "வீட்ல பாப்பாகிட்ட எப்பிடிப் பேசுவீங்க?" என்றார்.

போலீஸுக்குச் சொல்லிவிடுவாரோ, பிள்ளையை வாங்கி எங்காவது ஹோமில் சேர்த்துவிடுவார்களோ என்று எனக்குள் ஓடிற்று. "எல்லாரும் பேசற மாதிரிதாங்க மேடம்" என்றேன். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "திட்டித்தான் பேசுவோம் மேடம். மூத்தது பூடுச்சு" என்றார். அவர் மூத்தவனைப் பற்றி ஒரு வெளியாளிடம் பேசியதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மேடம் பொம்மைகளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "காதுல என்ன விழுதோ அதுதாம்மா வாயில வரும். அவளுக்கு மூளையில கோளாறு ஒண்ணும் இல்ல. நீங்க குடுத்த வார்த்தைய அவ கரெக்டா வெச்சிருக்கா. இனிமே வேற குடுங்க. சோறு வடிச்சா வடிக்கிறேன்னு சொல்லுங்க, காக்கா வந்தா காக்கானு சொல்லுங்க. சொல்லிட்டுப் போயிடாதீங்க. அவ ஏதாச்சும் சொல்றவரைக்கும் மூஞ்சியப் பாத்துக்கினு நில்லுங்க. மெதுவா, ஆசையா, கண்ணு, செல்லம்னு கூப்பிட்டுப் பேசுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கினாள். கண்ணு, கண்ணு என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாக்கில் சுட்டதுபோல இருந்தது. மூத்தவனை அப்படித்தான் கூப்பிட்டேன். கடைசியாக ஆம்புலன்ஸிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணி வாசலிலேயே காத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல முகம் மாறிவிட்டது.

"கண்ணுன்னு கூப்பிடணுமா? அந்தம்மாவுக்கு எத்தினி புள்ள செத்துச்சாம்?"

"படிச்சவங்க அண்ணி, அவங்க..."

"படிச்சவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க. தூக்கிக்கினு ஓடறது யாரு? நீ. போன வாட்டியும் நீதான் ஓடுன."

"அக்கா, வுடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் வுட்டுட்டேம்பா. தவிடு குடுத்து வாங்குனவ நான். என் பேச்சு ஏறாது, இல்ல?"

மறுநாள் சமைக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். குரலை இறக்கி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மென்மையாக, "கண்ணு, இங்க பாருடா, இது தக்காளி" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு, கையை என் பக்கம் நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

எனக்கு உடனே புரியவில்லை. உதடு நடுங்க ஆரம்பித்ததும்தான் புரிந்தது. ஊசிக்குக் கையை நீட்டியிருக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் மெதுவாக, கண்ணு என்று பேசியவர் ஒரே ஒருவர். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. 'ஒண்ணும் இல்லடா கண்ணு, ஒண்ணும் இல்ல' என்பார், குத்துவார். தொடையில் கட்டி வந்து அதைக் கீறினபோதும் அப்படித்தான் சொன்னார். அந்தக் குரல் வந்தால் வலி வரும் என்று என் பிள்ளைக்குத் தெரியும்.

நான் விடவில்லை. பழகிவிடும் என்று நினைத்தேன். மேடம் சொன்னதை மாற்றினால் இன்னும் கெட்டுவிடும் என்று பயம். காலையிலும் சாயங்காலமும் கண்ணு, செல்லம் என்று மெதுவாகப் பேசிப்பேசி, அவளை மூலைக்கு அனுப்பினேன். கையை நீட்டுவதை நிறுத்தினாள். பேசுவதையும் நிறுத்தினாள். திட்டும் போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவாள். நான் குனிந்தால் பின்னால் நகர்வாள். நடுவில் அவளுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், கொஞ்சியதால் ஜுரம் வந்துவிட்டதோ என்று. தொடும்போது என் பயம் அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"இருந்த வாயும் பூடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கொதிக்கிற கஞ்சிப் பாத்திரத்தின் பக்கம் அவள் கை போவதைப் பார்த்ததும் மேடமும் மறந்து போனார், 'கண்ணு'வும் மறந்து போயிற்று.

"ஏ சனியனே! கஞ்சிடி அது! ஆவியப் பாரு, எப்பிடி வருது பாரு! கை வெந்துபூடும், தரித்திரம்!"

அவள் கையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது. தொலைந்துபோன அம்மா திரும்பி வந்ததுபோலப் பார்த்தாள். "ஆவி," என்றாள். பிறகு என்னை மாதிரியே கையை ஆட்டி, "ஆவியப் பாரு!" என்று அதட்டினாள்.

அந்த வார்த்தையை அவள் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி பாதி தரையில் போயிற்று. பயந்து கத்தினதில் திட்டு மட்டும் வரவில்லை, பொருளின் பேரும் வந்துவிட்டது. அவளுக்கு அம்மா என்றால் அந்தக் குரல்தான். குரலை எடுத்துக்கொண்டு வார்த்தை மட்டும் கொடுத்தால் யாரிடம் வாங்குவாள்?

அன்றிலிருந்து திட்டுகிற குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "ஏ குப்பை, வெங்காயம்டி இது! எத்தினி தோலு பாரு இதுக்கு!" என்று கத்திவிட்டு, குழாயடிச் சண்டையில் நிற்பதுபோல இடுப்பில் கையை வைத்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சண்டை என்றால் பதில் சொல்லியாக வேண்டும். அவளும் இடுப்பில் கையை வைப்பாள். "தோலு!" "உறிச்சா இன்னாடி வரும்?" "தோலு!" "அதுக்கப்புறம்?" "கண்ணு எரியும் போடி!" அவள் அப்பா சாயங்காலம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்று, "திண்டிவனம் பஸ்ஸுடி நாயே, பச்சை கலரு" என்று சொல்லிக்கொடுத்தார். போகிறவர்கள் அவரைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார்கள். அண்ணிக்கு எதிர்வீட்டில் எங்கள் சத்தம் கேட்டதால் நிம்மதி. பழையபடி முறுக்கு வந்தது.

அடுத்த தடவை பாண்டிக்குப் போனபோது மேடத்திடம் பயந்து பயந்து இதைச் சொன்னேன். அவர் யோசித்தார். "சரி, அவளுக்கு அதுதான் அம்மா குரல்னா அப்பிடியே பேசுங்க. சத்தத்த மெள்ள மெள்ளக் குறைச்சுக்கலாம். ஆனா சாவுன்ற வார்த்தை மட்டும் இன்னையிலிருந்து வேணாம். அத முதல்ல நிறுத்துங்க. பால்வாடியில பிரச்சினை அதுதானே?"

மற்றதை விடுவது எனக்குச் சுலபம். அந்த வார்த்தை ஒன்றுதான் என் பிள்ளைக்குக் காவல் என்று நம்பியிருந்தேன். அதை விட்ட முதல் நாள் அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். இன்றைக்கும் பார்க்கிறேன். புதிதாக ஒரு வார்த்தை சொன்னால் பாதி சந்தோஷம், பாதி திகில். நன்றாகப் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே, கண் படுமே என்று.

அண்ணி கவனித்துவிட்டார். "ஏன் அந்த வார்த்தைய மட்டும் நிறுத்துன?" என்று நேராகவே கேட்டார். சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"இதுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா என்னால பாக்க முடியாது. என் வாசல்ல வுடாத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மூத்தவன் அவர் மடியிலும் வளர்ந்த பிள்ளைதான். அதனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் விடியற்காலை உப்பளத்துக்குப் போகும்போது பிள்ளையை விட இருந்த ஒரே வீடு அது. பால்வாடி டீச்சர், "தினமும் ஒரு மணி நேரம் கூட்டிட்டு வாங்க, நீங்களும் பக்கத்திலயே உக்காருங்க, பாக்கலாம்" என்றார். பக்கத்துத் தெருப் பெண் இன்னும் தன் குழந்தையை மூடிக்கொண்டுதான் எங்களைத் தாண்டுகிறாள். உட்கார்ந்திருக்கிறோம்.

வேலைக்குப் போவதை நிறுத்தினேன். பங்குனி வெயில், பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கிற நேரம். ஆள் வேண்டிய நேரத்தில் நின்றுவிட்டேன் என்று மேஸ்திரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க. புள்ளகூட இருக்கணும். பேசணும்."

"பேசறதுக்கா லீவு?" அவர் நிஜமாகவே சிரித்தார். "எங்க வூட்ல ஒருத்தி இருக்கா, பேசிக்கினே நாலு வேலை செய்வா. புள்ளையக் கூட்டிக்கினு வந்து வரப்புல உக்கார வையி. நீ பாட்டுக்குப் பேசு, வேலையும் ஆவும்."

தலையில் கூடை இருந்தால் கழுத்து திரும்பாது. வெயில் கூச்சத்துக்கு முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டால் கண் மட்டும்தான் வெளியே தெரியும், வாய் தெரியாது. வரப்பில் அவள் காதில் விழுவது 'நகரு, ஒதுங்கு, தூக்கு' மட்டும்தான். பால்வாடிக்கு முன்னால் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன். "வர முடியாதுங்க" என்று மட்டும் வந்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப கணக்கு?" என்றார்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது மேஸ்திரியிடம் முன்பணமாக வாங்கித் தின்கிற பணத்தைத் தை மாதத்திலிருந்து கூலியில் கழிப்பார்கள். நான் வாங்கியது பன்னிரண்டாயிரம். என் வீட்டுக்காரர் வாங்கியது தனி, அது அவர் கூலியில் போகிறது. அடுத்த மழைக்குள் என் கணக்கை முடிக்காவிட்டால் இரண்டு பேருக்கும் முன்பணம் கிடையாது என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வண்டியை எடுத்தார். நான் வேலை செய்து கழித்தது நாலாயிரத்து அறுநூற்றைம்பது. இன்னும் பாக்கி ஏழாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.